இருபத்தாறாவது ஊழியர்: அமெரிக்கச் சிறு நிறுவனங்களும் ஓய்வூதியச் சலுகைச் சட்டங்களும்

2014 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா ஒரு நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். சாலைகளுக்கும் பாலங்களுக்குமான மத்திய நிதி வற்றிக்கொண்டிருந்தது. 1,080 கோடி டாலர் உடனடியாகத் தேவைப்பட்டது. பெட்ரோல் வரியை உயர்த்தி மக்களின் கோபத்தை வாங்கிக்கொள்ள யாரும் முன்வரவில்லை. அதனால் அந்தத் தொகையில் பாதிக்கு மேல், சுமார் 640 கோடி டாலர், ஓய்வூதியத்திலிருந்து வந்ததாகக் கணக்கு எழுதப்பட்டது. முதலாளிகள் தம் ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் ஆண்டுதோறும் கட்டவேண்டிய தொகையைச் சட்டம் குறைத்தது. கட்டும் தொகை குறைந்தால் அதற்கான வரிக்கழிவும் குறையும், கணக்கில் லாபம் கூடும், அரசுக்கு வரி கூடும். பிற்காலத்தில் அதே முதலாளிகள் கூடுதலாகக் கட்டும்போது வரி வருவாய் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அது பெருமளவு பத்தாண்டு வரவுசெலவுக் கணிப்பின் எல்லைக்கு அப்பால் விழுந்தது.

சட்டம் வந்த தேதியைக் கவனிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுக்கான ஓய்வூதியத் தொகையைக் கட்டக் கடைசி நாள் 2014 செப்டம்பர் 15. புதிய சட்டமோ 2013ஆம் ஆண்டுக்கும் பின்னோக்கிப் பொருந்தியது. வேண்டாம் என்றால் அதை எழுதிக்கொடுக்க வேண்டும். இடையில் இருந்தது 38 நாள். பெரிய விமான நிறுவனத்துக்கு இது பெரிய விஷயமல்ல. அங்கே ஓய்வூதியக் கணக்குக்கென்றே ஒரு துறை இருக்கும். இருபது பேர் வேலை செய்யும் லேத் பட்டறையின் முதலாளிக்கு அப்படியல்ல. ஆக்சுவரி, அதாவது ஓய்வூதியத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணிப்பவர், அனுப்பிய கணக்கைப் பார்த்து, வங்கியில் கடன் பேசி, தொகையைக் கட்டியும் முடித்திருப்பார். இப்போது அந்தக் கணக்கு மாறிவிட்டது. மறுபடி போட வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

ஓய்வூதிய நிதிச் சலுகைச் சட்டங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 38 நாள்தான் நினைவுக்கு வருகிறது. சலுகை யாருடைய பெயரில் வருகிறது, யாருடைய அளவுக்குத் தைக்கப்படுகிறது என்பதை அது காட்டிவிடுகிறது.

எந்த வகை ஓய்வூதியத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கத் தனியார் துறையில் இன்று ஓய்வூதியத் திட்டம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது 401(கே) என்னும் சேமிப்புக் கணக்கு. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அது ஊழியரின் பாடு. இக்கட்டுரை பேசுவது பழைய வகையை: ஓய்வுபெற்றபின் உயிருள்ளவரை மாதம் இவ்வளவு என்று முதலாளி கொடுத்த வாக்கு. வாக்கு இன்று கொடுக்கப்படுகிறது, பணம் முப்பது ஆண்டு கழித்துத் தேவைப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு ஒதுக்கிவைக்க வேண்டும் என்பதுதான் இந்தச் சட்டங்களின் ஒரே கேள்வி.

அந்தக் கேள்வி சட்டமாவதற்கு ஒரு கார் தொழிற்சாலை மூடப்பட வேண்டியிருந்தது. 1963 டிசம்பரில் ஸ்டூடிபேக்கர் நிறுவனம் இண்டியானா மாநிலத்துச் சவுத் பெண்ட் ஆலையை மூடுவதாக அறிவித்தது. ஓய்வூதியத் திட்டத்தில் ஏறத்தாழ 10,500 பேர் இருந்தனர். ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்களும் அறுபது வயதைத் தொட்டவர்களுமாகச் சுமார் 3,600 பேருக்கு முழு ஓய்வூதியம் கிடைத்தது. நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வரை வயதுள்ள சுமார் 4,000 பேருக்குத் தமக்குரியதில் டாலருக்குப் பதினைந்து சென்ட் வீதம் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அவர்களின் சராசரி வயது 52, சராசரி வேலைக்காலம் 23 ஆண்டு. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. நிறுவனம் அன்றைய சட்டம் எதையும் மீறவில்லை. மீறுவதற்கு அப்படியொரு சட்டமே இல்லை.

செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் போன்றோரின் பல ஆண்டு முயற்சிக்குப் பிறகு, 1974 செப்டம்பர் 2, தொழிலாளர் தினத்தன்று, அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் அந்தக் குறையை நிரப்பியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘எரிசா’ என்பார்கள். நிதி ஒதுக்கக் குறைந்தபட்ச விதி வந்தது. ஒதுக்காமல் முதலாளி நொடித்துப்போனால் ஊழியருக்கு ஒரு வரம்புவரை ஓய்வூதியம் கொடுக்க, பி.பி.ஜி.சி. என்னும் அரசுக் காப்பீட்டு நிறுவனமும் வந்தது. தொடக்கத்தில் தலைக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் பிரீமியம்.

ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த ஆலையின் துயரத்திலிருந்து பிறந்த சட்டம் இது. ஆனால் அது பொருந்திய திட்டங்களில் எண்ணிக்கையால் மிகப் பெரும்பாலானவை சிறியவை: மருத்துவர் இருவர் நடத்தும் கிளினிக், குடும்ப அச்சகம், கணக்காளர் அலுவலகம், உதிரிபாகப் பட்டறை. 1985இல் பி.பி.ஜி.சி. காப்பீட்டில் தனி முதலாளித் திட்டங்கள் சுமார் 1,12,000 இருந்தன. இன்று கால் லட்சத்தைக்கூடத் தொடவில்லை. மறைந்தவற்றில் பெரும்பகுதி சிறிய திட்டங்கள்.

அவை மறைந்த கதையில் அதிகம் பேசப்படாத ஒரு கட்டம் உண்டு. எண்பதுகளின் இறுதியில் அமெரிக்க வருமான வரித்துறைக்குச் சிறு திட்டங்களின்மீது இருந்த குறை, அவை குறைவாகக் கட்டுகின்றன என்பதல்ல. அதிகமாகக் கட்டுகின்றன என்பது. மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வரிக்கழிவுக்காக ஓய்வூதிய நிதியில் அளவுக்கு மீறிப் பணத்தைப் போடுகிறார்கள் என்று துறை கருதியது. அவர்களுடைய ஆக்சுவரிகள் முதலீட்டு வருவாயை 5 சதவீதம் என்றும் ஓய்வு வயதை 55 என்றும் எடுத்துக்கொண்டிருந்தனர். 8 சதவீதமும் 65 வயதும்தான் நியாயம் என்றது துறை. வட்டியை உயர்த்தினால் இன்று ஒதுக்கவேண்டிய தொகை சுருங்கும், கேட்ட வரிக்கழிவும் செல்லாது. சிட்ரஸ் வேலி எஸ்டேட்ஸ் வழக்கு உள்ளிட்ட மூன்று முக்கிய வழக்குகளில் 1992இல் வரி நீதிமன்றம் ஆக்சுவரிகளின் பக்கம் நின்றது. நெடுங்காலக் கணக்கில் எச்சரிக்கையாக இருப்பது குற்றமல்ல என்றது. 1995க்குள் மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் அதை ஏற்றன.

நீதிமன்றத்தில் வென்றாலும், அந்த ஆண்டுகளில் சிறு முதலாளிகளுக்குப் போன சேதி வேறு. ஓய்வூதிய நிதியில் மிச்சமான பணத்தைத் திட்டம் முடிந்ததும் திரும்ப எடுத்தால் 1986ஆம் ஆண்டுச் சட்டம் வருமான வரிக்கு மேல் 10 சதவீதத் தண்டவரி போட்டது. 1988இல் அது 15 ஆனது. 1990இல், மிச்சத்தில் ஒரு பங்கை ஊழியருக்கோ அடுத்த திட்டத்துக்கோ கொடுத்தால் 20 சதவீதம், இல்லாவிட்டால் 50 சதவீதம் என்றானது. நிதியைத் தனிப்பையாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் நல்ல நோக்கத்தில்தான் இதைச் செய்தார்கள். ஆனாலும் நல்ல ஆண்டில் கூடுதலாகப் போட்டுவைத்து மோசமான ஆண்டைச் சமாளிக்க நினைக்கும் சிறு முதலாளிக்கு, போட்டது போட்டதுதான், மிஞ்சினாலும் திரும்பாது என்று அது சொல்லிவிட்டது. பெரிய நிறுவனத்தில் மிச்சம் கரையப் பல்லாயிரம் ஊழியர்கள் இருக்கிறார்கள். பன்னிரண்டு பேர் உள்ள இடத்தில் மிச்சத்துக்குப் போக்கிடம் இல்லை. நிறைத்து வைக்கும் பழக்கம் அன்றே தளர்ந்தது என்பது என் கணிப்பு.

பின்பு காற்று திசைமாறியது. 2000க்குப் பிறகு பங்குச்சந்தையும் வட்டியும் ஒன்றாக விழுந்தன. எஃகு ஆலைகளும் விமான நிறுவனங்களும் ஓய்வூதியக் கடனைப் பி.பி.ஜி.சி. தலையில் இறக்கிவைத்தன. 2006 ஆகஸ்ட் 17 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் விதிகளை இறுக்கியது. வாக்களித்த ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பு முழுவதுக்கும் நிதி இருக்க வேண்டும். குறை இருந்தால் ஏழு ஆண்டில் தீர்க்க வேண்டும். மதிப்பிடும் வட்டியை ஆக்சுவரி தம் விருப்பப்படி எடுக்க முடியாது. உயர்தர நிறுவனக் கடன்பத்திரங்களின் இருபத்து நான்கு மாதச் சராசரி வட்டியை அரசே மூன்று பகுதிகளாக அறிவிக்கும். நிதி நிலை 80 சதவீதத்துக்குக் கீழே போனால், ஓய்வுபெறுபவர் முழுத் தொகையையும் ஒரேயடியாக எடுத்துச்செல்ல முடியாது, பாதிதான். 60க்குக் கீழே போனால் அதுவும் இல்லை. புதிய ஓய்வூதிய உரிமை சேர்வதும் நின்றுவிடும்.

வட்டியின் சக்தியை ஒரே உதாரணத்தில் பார்த்துவிடலாம். பதினைந்து ஆண்டு கழித்து ஒரு லட்சம் டாலர் கொடுக்க வேண்டும். 5 சதவீத வட்டியில் கணக்கிட்டால் இன்று 48,100 டாலர் இருந்தால் போதும். 6.85 சதவீதமென்றால் 37,000 போதும். 8 சதவீதமென்றால் 31,500தான். வாக்கு ஒன்று, ஊழியர் ஒருவர், ஆண்டும் அதே ஆண்டு. மூன்று தொகைகளும் சட்டப்படி சரியான விடைகளாக வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு முதலாளிகளுக்கு இருந்திருக்கின்றன. எப்படி என்று பின்னால் வரும்.

2006 சட்டத்தின் புதிய விதிகள் 2008இல் நடைமுறைக்கு வந்தன. அந்த ஆண்டுதான் சந்தை சரிந்தது. குறையை ஏழு ஆண்டில் தீர்க்கச் சொல்லும் சட்டத்தின் முதல் ஆண்டிலேயே எல்லோருக்கும் குறை விழுந்தது. 2008 டிசம்பரில் அவசரத் திருத்தம் ஒன்று வந்தது. 2010 ஜூன் 25 அன்று முதல் பெரிய சலுகை வந்தது. ஏதேனும் இரண்டு ஆண்டுகளின் குறைக்கு, இரண்டு ஆண்டு வட்டியை மட்டும் கட்டிப் பிறகு ஏழு ஆண்டில் அசலைத் தீர்க்கலாம், அல்லது பதினைந்து ஆண்டில் தீர்க்கலாம். 2012 ஜூலை 6 அன்று இன்னொரு நெடுஞ்சாலைச் சட்டத்தின் உள்ளே அதைவிட ஆழமான மாற்றம் வந்தது. அறிவிக்கும் வட்டி, இருபத்தைந்து ஆண்டுச் சராசரியிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. எண்பதுகளின் பிற்பகுதியின் உயர்வட்டி அந்தச் சராசரிக்குள் இருந்தது. அதனால் சந்தையில் 2 சதவீதத்தை ஒட்டி இருந்த குறுகியகால வட்டி ஒரே இரவில் கணக்குக்கு 5.54 ஆனது. 5ஐ ஒட்டி இருந்த இடைக்கால வட்டி 6.85 ஆனது. 2014, 2015 சட்டங்கள் இதை நீட்டின. 2020 மார்ச்சில் கொரோனா நிவாரணச் சட்டம் அந்த ஆண்டுத் தவணைகளை 2021 ஜனவரிவரை தள்ளிவைத்தது. 2021 மார்ச் 11 அன்று வந்த மீட்புச் சட்டம் விலகலை 5 சதவீதமாகச் சுருக்கியது, சராசரி எவ்வளவு விழுந்தாலும் 5 சதவீதத்துக்குக் கீழே கொள்ளக்கூடாது என்றது, எல்லாக் குறைகளையும் பதினைந்து ஆண்டில் தீர்க்கலாம் என்றது. அதே ஆண்டு நவம்பரில் உள்கட்டமைப்புச் சட்டம் அந்த வரம்பை 2030வரை நீட்டியது. அதுவும் சாலைகளுக்கான சட்டமே.

1992இல் 5 சதவீதம் என்பது அளவுமீறிய எச்சரிக்கை என்று அரசே வழக்காடியது. 2012இல் 6.85ஐச் சட்டமே கொடுத்தது. நடுவே சந்தை வட்டி பாதியாகக் குறைந்திருந்தது.

இனிச் சிறு பட்டறைக்குள் போவோம். ஒஹையோவில் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். இது கற்பனை, கணக்கு மட்டும் நிஜம். இருபத்தைந்து பேர் வேலை செய்கிறார்கள், எல்லோரும் திட்டத்தில் இருக்கிறார்கள். ஓய்வூதிய நிதியில் 4 லட்சம் டாலர் குறை. வட்டி 5.5 சதவீதம். ஏழு ஆண்டில் தீர்த்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 66,700 டாலர். பதினைந்து ஆண்டில் தீர்த்தால் 37,800. ஆண்டுக்கு 28,900 டாலர் மிச்சம், ஏறக்குறைய ஒரு இளம் தொழிலாளியின் சம்பளத்தில் பெரும்பங்கு. பட்டறைக்காரருக்கு இது வெறும் எண்ணல்ல. ஆர்டர் குறைந்த ஆண்டில் யாரையும் அனுப்பாமல் நிறுத்திக்கொள்ள இந்தத் தொகை போதும். மொத்தமாகக் கட்டுவது 4,67,000லிருந்து 5,67,000 ஆகிறது என்பதை அவரும் அறிவார். தவணை நீண்டால் வட்டி கூடும் என்பது கடன் வாங்கிய எவருக்கும் தெரிந்ததுதான். காலம் வேண்டும்போது காலத்துக்கு விலை கொடுப்பதில் தவறில்லை. இந்த அளவில் சலுகை நிஜமான சலுகை. அதைக் குறை சொல்பவர்கள் மாதக் கடைசியில் சம்பளக் காசோலை எழுதிப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன்.

சிக்கல் இன்னொரு பில்லில் இருக்கிறது. பி.பி.ஜி.சி. வாங்கும் பிரீமியத்துக்கு இரண்டு பாகம். ஒன்று தலைக்கட்டணம்: 2025இல் ஆளுக்கு 106 டாலர். மற்றது குறையின் அளவுக்கு ஏற்ப. 2012இல் ஒவ்வொரு 1,000 டாலர் குறைக்கும் 9 டாலராக இருந்த இது, 2023இல் 52 டாலரை எட்டி அங்கேயே நிற்கிறது. இந்தப் பிரீமியத்துக்குக் குறையைக் கணக்கிடும்போது சலுகை வட்டி செல்லாது. சந்தை வட்டிதான். கட்டவேண்டிய தவணைக்கு ஒரு கண்ணாடி, அபராதம் போன்ற பிரீமியத்துக்கு வேறொரு கண்ணாடி. சலுகையை ஏற்றுக் குறைவாகக் கட்டியவரின் குறை, இரண்டாவது கண்ணாடியில் அப்படியே பெரிதாகத் தெரிகிறது. நிரப்பாமல் விட்ட ஒவ்வொரு டாலருக்கும், உச்சவரம்பை எட்டாதவரை, ஆண்டுக்கு 5.2 சென்ட் பிரீமியம். வட்டி அதற்கு மேல் தனி. 2012, 2015 சட்டங்களில் சலுகையும் பிரீமிய உயர்வும் ஒரே தாளில் இருந்தன. பிரீமியப் பணம் பி.பி.ஜி.சி.யைத் தவிர வேறெதற்கும் போக முடியாது. ஆனாலும் வரவுசெலவுக் கணக்கில் அரசின் பொது வரவாக அதை எழுதிக்கொள்ளலாம். அது ஏன் திரும்பத் திரும்ப உயர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. தனி முதலாளித் திட்டங்களுக்கான காப்பீட்டு நிதியில் 2024 நிதியாண்டின் முடிவில் 5,400 கோடி டாலருக்கு மேல் உபரி. பிரீமியம் இன்னும் இறங்கவில்லை.

மிகச் சிறியவர்களுக்கு ஒரு காப்பு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. நிறுவனத்தில் 25 பேர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், குறைக்கான பிரீமியம் ஓர் அளவைத் தாண்டாது. திட்டத்தில் உள்ளவர் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, மீண்டும் 5 டாலரால் பெருக்கினால் வருவது அந்த அளவு. நம் பட்டறைக்கு 25ஐ 25ஆல் பெருக்கி, 5ஆல் பெருக்கினால் 3,125 டாலர். சந்தை வட்டியில் அவருடைய குறை 6 லட்சம் என்று வைத்துக்கொண்டால், எந்த உச்சவரம்பும் இல்லாவிட்டால் 31,200 ஆகியிருக்கும். ஆகவே பெரிய நிம்மதி.

தொழில் கொஞ்சம் நிமிர்கிறது. பட்டறைக்காரர் இருபத்தாறாவது ஆளை வேலைக்கு எடுக்கிறார். ஆண்டின் முதல் நாளில் 26 பேர் இருந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். அவருக்கு மிஞ்சுவது எல்லோருக்கும் பொதுவான உச்சவரம்பு, 2025இல் ஆளுக்கு 717 டாலர். புதிய ஆள் இன்னும் ஓய்வூதியத் திட்டத்தில் சேரவில்லை. இருந்தாலும் பழைய 25 பேருக்கு 17,925 டாலர். ஒரே ஆளால் பிரீமியம் 14,800 டாலர் கூடியது. பதினைந்து ஆண்டுத் தவணையால் மிச்சமான தொகையில் பாதி அதிலேயே கரைந்தது. இருபத்தாறாவது ஆளைப் பகுதிநேரமாக எடுக்கலாமா, அடுத்த ஜனவரி இரண்டாம் தேதி சேரச் சொல்லலாமா என்று ஒரு நேர்மையான மனிதர் யோசிக்கத் தொடங்குவது இந்த இடத்தில்தான். சட்டத்தை இயற்றியவர்கள் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த அளவில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே என் வருத்தம்.

இதுவரை முதலாளியைப் பற்றியே பேசினேன். ஊழியருக்கு என்ன ஆகிறது?

சலுகை வட்டியில் பார்த்தால் ஒரு நிதியின் கடன் 10 லட்சம் டாலர், கையிருப்பும் 10 லட்சம். நூறு சதவீதம். எந்தத் தடையும் இல்லை. சந்தை வட்டியில் பார்த்தால் அதே கடன் 12.5 லட்சம், நிதி நிலை 80 சதவீதம். மூத்த ஊழியர் ஒருவர் ஓய்வுபெற்று, மாதாமாதம் வேண்டாம், மொத்தமாகக் கொடுங்கள் என்கிறார். மொத்தத் தொகையைக் கணக்கிடும்போது சலுகை வட்டி செல்லாது, சந்தை வட்டிதான். அவருக்குரியது 4 லட்சம். கொடுத்தாயிற்று. மிச்சம் 6 லட்சம், மீதிப் பேருக்குக் கொடுக்கவேண்டியது 8.5 லட்சம். 80 சதவீதமாக இருந்தது 71க்கு அருகில் இறங்கிவிட்டது. போனவர் முழுதாக வாங்கிக்கொண்டு போனார், குறை இருப்பவர்கள் தலையில் தங்கியது. பத்தாயிரம் பேர் உள்ள திட்டத்தில் ஒருவர் கிளம்புவது கடலில் ஒரு குடம் மொள்வதுபோல. எட்டுப் பேர் உள்ள இடத்தில் ஒருவர் கிளம்பினால் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கிளம்புபவர் பெரும்பாலும் மூத்தவர், சம்பளம் கூடியவர், பல நேரம் முதலாளியே. அதிகச் சம்பளக்காரர்கள் மொத்தமாக எடுப்பதற்கு வரித்துறை தனித் தடை வைத்திருக்கிறது, அது முதலாளியை ஓரளவு பிடித்து நிறுத்தும். சாதாரண மூத்த ஊழியரை அது தடுக்காது. தடுக்கவும் கூடாது, அவர் உழைத்துச் சம்பாதித்த பணம் அது.

2006 சட்டத்தின் 80 சதவீதத் தடை இந்த நிலையைத் தவிர்க்கத்தான் வைக்கப்பட்டது. சலுகை வட்டி அந்தத் தடையின் அளவுகோலையும் சேர்த்தே நீட்டிவிட்டது. சலுகைச் சட்டங்களில் நான் ஏற்க மறுப்பது இதை மட்டும்தான். முதலாளி கட்டும் தவணைக்குக் காலம் கொடுங்கள், அது வேறு. நிதி உண்மையில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்க்கும் கண்ணாடியை மாற்றியிருக்க வேண்டாம். திட்டத்தில் உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் அனுப்பும் அறிக்கையில் இரண்டு கணக்கும் அருகருகே காட்டப்பட வேண்டும் என்று 2012 சட்டம் சொன்னது நல்லதே. ஆனால் பட்டறையில் ரெஞ்சு பிடிப்பவர் அந்த இரண்டு எண்களைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்?

அவருக்குப் பி.பி.ஜி.சி. இருக்கிறது என்பார்கள். பட்டறைத் தொழிலாளிக்கு இருக்கிறது. பல் மருத்துவரின் அலுவலகத்தில் முன்மேசையில் இருபது ஆண்டு உட்கார்ந்த பெண்ணுக்கு இருக்காது. மருத்துவர், வழக்கறிஞர், கணக்காளர் போன்ற தொழில்முறை அலுவலகங்களில் வேலையில் இருக்கும் உறுப்பினர்கள் 25 பேருக்கு மேல் போகாதவரை அந்தத் திட்டங்களுக்குக் காப்பீடே கிடையாது. அங்கே நிதி நிறைந்திருப்பதைத் தவிர வேறு பாதுகாப்பில்லை.

‘சிறிய’ என்ற சொல்லைத் தன் பெயரிலேயே வைத்திருக்கும் ஒரு சட்டமும் உண்டு. கூட்டுறவு மற்றும் சிறு முதலாளி அறநிறுவன ஓய்வூதிய நெகிழ்வுச் சட்டம், 2014 ஏப்ரல் 7. கிராமப்புற மின்சாரக் கூட்டுறவுகள், பெண்கள் சாரணர் இயக்கம் போன்றவை பல கிளைகள் சேர்ந்து ஒரே ஓய்வூதியத் திட்டத்தை நடத்துகின்றன. ஒரு கிளை விழுந்தால் மற்றவை தாங்கும், பி.பி.ஜி.சி.க்கு ஆபத்து குறைவு, ஆகவே 2006இன் இறுக்கமான விதி வேண்டாம் என்பது வாதம். நியாயமான வாதம்தான். குறையைப் பத்தாண்டில் தீர்க்கலாம் என்று அவர்களுக்கு நிரந்தரமாகவே தனி விதி கிடைத்தது. ஆனால் அதில் சேரப் பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளிகள் சேர்ந்து நடத்தும் திட்டமாக இருக்க வேண்டும். தனியாக நிற்கும் ஒரு சிற்றூர் முதியோர் இல்லம் எவ்வளவு சிறியதானாலும் அதில் இல்லை. அமைப்பாகத் திரண்டு வாஷிங்டனில் போய்ப் பேச முடிந்தவர்களுக்குக் கதவு திறந்தது.

உள்ளூர்ச் செய்தித்தாள்களுக்கும் அப்படியே. 2019 டிசம்பரில் வந்த சட்டம், குடும்பங்கள் நடத்தும் உள்ளூர்ச் செய்தித்தாள்களின் உறைந்துபோன திட்டங்களுக்கு 8 சதவீத வட்டியும் முப்பது ஆண்டுத் தவணையும் கொடுத்தது. மேலே சொன்ன மூன்றாவது விடை, அந்த 31,500 டாலர், இங்கிருந்து வருவது. செய்தித்தாள்கள் அழியக்கூடாது என்று நானும் நினைக்கிறேன். அதற்கு அரசு பணம் கொடுத்திருக்கலாம். அச்சுக்கூடத்தில் மை தொட்ட கைகளின் ஓய்வூதிய நிதியை முப்பது ஆண்டு காத்திருக்கச் சொன்னது, உதவியின் செலவை அந்தக் கைகளின்மீதே வைத்ததாகும்.

அரசு பணம் கொடுக்காத நாடல்ல அது. பல முதலாளிகள் தொழிற்சங்கத்தோடு சேர்ந்து நடத்தும் திட்டங்கள் மூழ்கும் நிலையில் இருந்தபோது, 2021 மீட்புச் சட்டம் அவற்றுக்கு நேரடியாகவே பணம் கொடுத்தது. லாரி ஓட்டுநர்கள் நிறைந்த சென்ட்ரல் ஸ்டேட்ஸ் திட்டம் ஒன்றுக்கு மட்டும் சுமார் 3,600 கோடி டாலர், திருப்பித் தரவேண்டியதில்லை. அதன் பலன் அந்தத் திட்டத்தில் பணம் கட்டிவந்த சிறு லாரி நிறுவனங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அதே சட்டத்தின் இன்னொரு பக்கத்தில் தனித்து நிற்கும் பட்டறைக்காரருக்குக் கிடைத்தது பதினைந்து ஆண்டு.

2022க்குப் பிறகு சந்தை வட்டி ஏறிவிட்டது. சலுகை வட்டிக்கும் சந்தை வட்டிக்கும் இருந்த இடைவெளி பெருமளவு மூடியது, பல திட்டங்களின் குறையும் தானாகவே சுருங்கியது. காலம் கொடுத்தது வீண்போகவில்லை என்று சலுகையை ஆதரித்தவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2012இன் அடிமட்ட வட்டியில் ஏழே ஆண்டில் கட்டச் சொல்லியிருந்தால், மூடத் தேவையில்லாத பல பட்டறைகள் மூடியிருக்கும். ஆனால் அந்த ஆண்டுகளைத் தாண்டாமல் இடையிலேயே திட்டத்தை முடிக்க நினைத்தவர்களுக்குச் சலுகையால் பயனில்லை. திட்டத்தை முடிக்கும் நாளில் எல்லாக் கணக்கும் சந்தை விலைதான்: காப்பீட்டு நிறுவனத்திடம் வாழ்நாள் ஓய்வூதியத்தை வாங்கிக்கொடுக்க வேண்டும், அல்லது சந்தை வட்டியில் மொத்தத் தொகை கொடுக்க வேண்டும். பிள்ளைகள் வேறு ஊரில் வேறு வேலைக்குப் போய்விட்ட, அறுபத்தெட்டு வயதில் கடையை விற்றுவிட நினைக்கும் முதலாளிக்குப் பதினைந்து ஆண்டுத் தவணையால் என்ன செய்ய முடியும்?

அவருக்கென்று விதிகளில் ஒரு வழி இருக்கிறது. நிறுவனத்தில் பாதி அல்லது அதற்கு மேல் சொந்தமாக வைத்திருப்பவர், திட்டத்தை முடிக்கும்போது, தமக்குரிய ஓய்வூதியத்தில் தேவையான அளவை விட்டுக்கொடுத்து மற்ற எல்லோருக்கும் முழுதாகக் கிடைக்கச் செய்யலாம். எழுத்தில் கொடுக்க வேண்டும். மணமானவரென்றால் துணையின் சம்மதமும் வேண்டும், அதற்குச் சாட்சியாக நோட்டரியோ திட்டத்தின் பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும். ஆக்சுவரியின் மேசையில் கடைசித் தாள்களோடு தாளாக அந்தப் படிவமும் இருக்கும். கணவனும் மனைவியும் அருகருகே உட்கார்ந்து, எத்தனை ஆயிரம் டாலர் என்ற இடத்தை ஒருமுறை படித்துவிட்டு, அவர் முதலில் கையெழுத்திடுகிறார், பிறகு அவள்.